என் தலை, என் இஷ்டம்: சுங்கை சிப்புட் வாசகருக்குப் பதில்

கேள்வி:

வணக்கம் மேடம். எனக்கு வயது 58. பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவன். அங்கேயே ரப்பர் பால் வெட்டினேன், அப்புறம் செம்பனைக்கு (எண்ணெய்ப் பனை) மாறினேன். இப்போது ஒரு குத்தகைக்காரரிடம் குலை வெட்டும் ஆட்களை மேய்க்கிற வேலை. வீடு டவுன் ஓரத் தாமான் குடியிருப்பில். தினமும் நாலு கிலோமீட்டர், என் ஈஎக்ஸ் ஃபைவ் மோட்டாரில் போய் வருகிறேன். 36 வருடமாக ஓட்டுகிறேன், ஒரு தடவை விழுந்ததில்லை. 40-க்கு மேல் முறுக்குவதும் இல்லை. மெயின் ரோட்டில் ஹெல்மெட் மாட்டுவேன். தோட்டத்துச் சாலையிலும் கடைக்கு, கோயிலுக்குப் போகும்போதும் மாட்டுவதில்லை. வெக்கை, அரிப்பு, பின்னால் லோரி வந்தால் காதில் விழாது. ஹெல்மெட் போட்டவனும்தான் சாகிறான். சீக்கியர்களுக்கு விலக்கு இருக்கும்போது எனக்கு ஏன் இல்லை?

பேரனுக்கு ஏழு வயது. அவனை முன்னால் உட்கார வைத்துத் தமிழ்ப்பள்ளியில் நான்தான் விடுகிறேன். அதில் தொடங்கிய சண்டையில் என் மகள் போன வாரம் சாவியை எடுத்து ஒளித்து வைத்துவிட்டாள். சின்ன வயதிலிருந்து பெரட்டுக் களத்தில் (விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கிற இடம்) நின்று, மண்டோர் (மேஸ்திரி) காட்டிய இடத்துக்குப் போய், கிராணி (குமாஸ்தா) சொன்ன நேரத்துக்குத் திரும்பி வாழ்ந்தவன் நான். இந்த வயதில் என் தலையாவது எனக்குச் சொந்தமாக இருக்கக் கூடாதா? நீங்கள்தான் என் மகளுக்குப் புத்தி சொல்ல வேண்டும்.

பதில்:

அண்ணே என்றே கூப்பிடுகிறேன். உங்கள் கடிதத்தில் பெரட்டு என்ற சொல் வந்த இடத்தில் படிப்பதை நிறுத்திவிட்டேன். என் அம்மாவும் அந்தக் களத்தில் நின்றவர். விடியாத இருட்டில், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் என்னைப் போட்டுவிட்டு ஓடுவார். ஒரு நிமிடம் பிந்தினால் அன்றைக்கு வேலை இல்லை என்று திருப்பி அனுப்புவார்களாம். அப்படி வளர்ந்தவர்கள் ‘இது என் இஷ்டம்’ என்று சொல்வதன் பின்னால் எத்தனை வருடம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதனால் ‘சட்டம் போடச் சொல்லுது, போடுங்க’ என்று ஒரு வரியில் உங்களை அனுப்பிவைக்க மனம் வரவில்லை.

நான் 22 வருடமாக ஆக்குபேஷனல் தெரபி வேலையில் இருக்கிறேன். தலையில் அடிபட்டுப் பிழைத்தவர்களுக்குச் சட்டைப் பொத்தான் போட, சோறு பிசைய, பல் விளக்க மறுபடி சொல்லிக் கொடுக்கிற வேலை. என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் மோட்டாரில் விழுந்தவர்கள். மலேசியாவில் அது ஆச்சரியமில்லை. 2016-இல் சாலையில் இறந்தவர்கள் 7,152 பேர், 2019-இல் 6,167 பேர். அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு அருகில் மோட்டாரில் போனவர்கள். நான் பார்ப்பது அந்தக் கணக்கில் வராதவர்களை, சாகாமல் திரும்பியவர்களை.

முதலில் பேரன். இதில் விவாதத்துக்கு இடமில்லை அண்ணே. என் தலை என் இஷ்டம் என்று நீங்கள் சொல்லலாம், அவன் தலை உங்கள் இஷ்டம் என்று சொல்ல முடியாது. ஏழு வயதுப் பிள்ளை எதையும் தேர்ந்தெடுக்கவில்லை, தாத்தா தூக்கி வைத்தார், உட்கார்ந்தான். அதுவும் முன்னால். மோட்டார் எதிலாவது மோதினால் அவன் நெற்றி போய் இடிக்கிற இடம் ஹேண்டலும் மீட்டரும். பின்னாலிருந்து உங்கள் முழுப் பாரமும் அவன் முதுகில் விழும். நானும் அப்பாவின் ஹோண்டாவில் முன்னால் உட்கார்ந்து, காற்று முகத்தில் அடிக்க, பள்ளிக்கூடம் போனவள்தான். என் வாழ்க்கையின் நல்ல ஞாபகங்களில் அதுவும் ஒன்று. ஆனாலும் சொல்கிறேன், பேரனைப் பின்னால் உட்கார வையுங்கள். கால் மிதியில் எட்ட வேண்டும், கை உங்கள் இடுப்பைப் பிடிக்க வேண்டும், தலையில் அவன் அளவுக்கே வாங்கிய ஹெல்மெட் இருக்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் பள்ளி வேனில் அனுப்புங்கள். பெரியவர் ஹெல்மெட்டைப் பிள்ளை தலையில் கவிழ்ப்பது வெறும் கண்துடைப்பு. விழுகிற வேகத்தில் அது தனியாகப் பறந்துவிடும்.

சரி, இனி உங்கள் தலைக்கு வருவோம்.

உங்களைப் போலவே ஒருவர் என்னிடம் வந்தார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சொல்கிறேன். ஐம்பதைத் தாண்டியவர், தோட்டத்தில் மண்டோராக இருந்தவர். கோயில் கமிட்டியில் பொருளாளர், தீமிதித் திருவிழாக் கணக்கு முழுவதும் அவர் மனதில் இருக்கும். ஒரு சாயங்காலம் சாமான் வாங்கக் கடைக்குப் போனார். ரெண்டு கிலோமீட்டர், தெரிந்த சாலை. ஹெல்மெட் மோட்டார் கூடையில் கிடந்தது. நாய் குறுக்கே ஓடியது. வேகம் ஒன்றும் இல்லை, சாய்ந்து விழுந்தார், அவ்வளவுதான். தானே எழுந்து, மண்ணைத் தட்டி, மோட்டாரைத் தூக்கி, வீட்டுக்கு ஓட்டி வந்தார். பனடோல் ரெண்டு போட்டுக்கொண்டு தேத்தண்ணீர் குடித்தார். ‘ஒன்னும் இல்ல’ என்றார். ராத்திரி வாந்தி எடுத்தார். பித்தம் என்று நினைத்தார்கள். விடியக்காலையில் எழுப்பினால் எழுந்திருக்கவில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் படிக்கிற எல்லா வீட்டுக்கும் இது தேவை. மண்டையோட்டுக்கு உள்ளே ரத்தம் கசிந்தால் அது உடனே தெரியாமல் இருக்கலாம். ஆள் நன்றாகப் பேசுவார், நடப்பார். சில மணி நேரத்தில் ரத்தம் கட்டி மூளையை அழுத்த ஆரம்பித்ததும் தலைவலி கூடும், வாந்தி வரும், தூக்கம் தூக்கமாக வரும், பேச்சு குழறும். தலையில் அடிபட்டவரிடம் இதில் ஒன்றைக் கண்டாலும் பொழுது விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அந்த நேரமே 999-ஐக் கூப்பிடுங்கள்.

அவர் பிழைத்தார். ஈப்போவில் அறுவை செய்து ரத்தக் கட்டியை எடுத்தார்கள். ஆறு வாரத்தில் நடந்தார். சொந்தக்காரர்கள் எல்லோரும் சாமி காப்பாற்றியது என்றார்கள். நானும் அப்படித்தான் நினைக்க விரும்பினேன். ஆனால் அவருக்கு அடிபட்டது நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளை. ஒரு காரியத்தை நினைத்து, தொடங்கி, முடிக்க வைக்கிற இடம் அது. கோபத்தை அடக்குகிற இடமும் அதுவே. அவர் கை நன்றாக வேலை செய்கிறது, காலும் அப்படியே. ஆனால் தானாக எதையும் தொடங்க மாட்டார். ‘குளிங்க’ என்று மனைவி சொன்னால் குளிப்பார். சொல்லாவிட்டால் மூன்று நாள் ஆனாலும் அதே சட்டையோடு உட்கார்ந்திருப்பார். தட்டு முன்னால் இருக்கும், ‘சாப்பிடுங்க’ என்று ஒரு குரல் வர வேண்டும். பேங்க் கார்டு மகனிடம். மோட்டார் விற்றாகிவிட்டது. கமிட்டிக் கணக்கு வேறு ஆளிடம் போய்விட்டது. வேலைக்குப் போய்வரும் வழியில் நடந்த விபத்து இல்லை என்பதால் சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) தருகிற விபத்து உதவியும் கிடைக்கவில்லை.

அவர் வீட்டுச் சுவரில் நான் ஒரு அட்டை எழுதி ஒட்டினேன். ஆறு மணி எழ வேண்டும், ஆறேகாலுக்குப் பல் விளக்க வேண்டும், ஆறரைக்குக் குளிக்க வேண்டும் என்று ராத்திரி படுக்கிற வரைக்கும். எங்கள் தொழிலில் அது வழக்கமான ஒன்று, உதவியும் செய்கிறது. ஒட்டி முடித்த பிறகு அவர் மனைவி அதைப் பார்த்துவிட்டு, ‘தோட்டத்துல பெரட்டு எடுத்தாப்புல ஆச்சு’ என்றார். உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு அந்த அம்மாதான் ஞாபகத்துக்கு வந்தார்.

நீங்கள் கேட்பது யாரும் உங்களை ஏவாத ஒரு வாழ்க்கை. நாற்பது வருடம் ஏவல் கேட்டவருக்கு அது கிடைக்கத்தான் வேண்டும். அப்படி வாழ முடிவெடுக்கிற மூளை, உங்கள் நெற்றி எலும்புக்குச் சில மில்லிமீட்டர் பின்னால் இருக்கிறது. ஒன்றரைக் கிலோகூட இல்லாத மிருதுவான சதை. அதைக் காப்பதைத்தான் நான் உங்கள் சுதந்திரம் என்று நினைக்கிறேன். ஹெல்மெட் மாட்டுகிறவர் அடுத்தவருக்குப் பணிந்துபோகிறார் என்று எனக்குத் தோன்றவில்லை.

‘40-க்கு மேல் போவதில்லை’ என்கிறீர்கள். நம்புகிறேன். ஆனால் ஒரு கணக்கைப் பாருங்கள். மோட்டாரில் உட்கார்ந்திருக்கும் ஆளின் தலை தரையிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்திலிருந்து எது விழுந்தாலும் தரையைத் தொடும்போது அதன் வேகம் மணிக்கு 20 கிலோமீட்டருக்கு அருகில். அதாவது மோட்டார் நின்றுகொண்டிருக்கும்போது நீங்கள் பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தாலே உங்கள் மண்டை தார் ரோட்டை 20-இல் மோதும். எவ்வளவு மெதுவாக ஓட்டினாலும் அந்த உயரம் குறையாது.

ஹெல்மெட் அங்கே செய்வது சின்ன வேலைதான். அதன் வெளி ஓட்டைவிட முக்கியமானது உள்ளே இருக்கும் வெள்ளை நுரை. புது டிவி பெட்டிக்குள் வருமே அதே வகை, இன்னும் கெட்டியானது. ரெண்டு மூன்று சென்டிமீட்டர் தடிமன் இருக்கும். தலை மோதும்போது அந்த நுரை நசுங்குகிறது. நசுங்க எடுத்துக்கொள்ளும் நேரம் ஒரு நொடியில் மிகச் சிறிய பங்கு, ஆனாலும் வெறும் மண்டை தாரில் மோதி நிற்கும் நேரத்தைவிடப் பல மடங்கு அதிகம். அந்த அவகாசத்தில் மூளை கொஞ்சம் மெதுவாக நிற்கிறது. ஒருமுறை நசுங்கிய நுரை திரும்ப எழாது. அதனால்தான் பலமாக அடிபட்ட ஹெல்மெட் வெளியில் பளபளவென்று இருந்தாலும் தூக்கிப்போடச் சொல்கிறோம்.

36 வருடம் விழாததற்கு உங்கள் நிதானம் காரணம், மறுக்கவில்லை. ஆனால் தோட்டத்துச் சாலை உங்களுக்குத் தெரிந்த அளவுக்கு எனக்கும் தெரியும். மழை பெய்த செம்மண், லோரி திரும்பும் வளைவில் சிதறிக் கிடக்கும் உதிரிப் பழம், அது சக்கரத்தில் நசுங்கி எண்ணெய் கசிந்த தார், திடீரென்று ஏறி வரும் உடும்பு, மாடு. இதில் எது உங்கள் நிதானத்துக்குக் கட்டுப்படும்? அங்கே போலீஸ் நிற்காது என்பது உண்மை. ஆனால் அடிபட்டவரைத் தூக்கவும் அங்கே யாரும் நிற்க மாட்டார்கள்.

‘ஹெல்மெட் போட்டவனும் சாகிறான்.’ சாகிறான். லோரிச் சக்கரத்துக்கு அடியில் போனால் எந்த ஹெல்மெட்டும் காப்பாற்றாது, நெஞ்சில் அடிபட்டாலும் அப்படித்தான். 2008-இல் காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு, பல நாடுகளில் நடந்த 61 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. விபத்தில் சிக்கியவர்களில் ஹெல்மெட் போட்டிருந்தவர்களுக்குச் சாவு 42 விழுக்காடும், தலைக்காயம் 69 விழுக்காடும் குறைவு என்பது முடிவு. சாவுக் கணக்கைவிடத் தலைக்காயக் கணக்கு பெரிதாக இருப்பதைக் கவனியுங்கள். என் வேலை அந்த இரண்டாவது எண்ணில்தான் நடக்கிறது.

சீக்கியர்களைப் பற்றிக் கேட்டீர்கள். சரியான கேள்வி, அதை மழுப்பக் கூடாது. மலேசியாவில் ஹெல்மெட் விதி 1973-இல் வந்தது, தலைப்பாகை அணியும் சீக்கியர்களுக்கு விலக்கும் உண்டு. பிரிட்டனிலும் 1973-இல்தான் சட்டம், 1976-இல் சீக்கியர்களுக்கு விலக்கு. தலைப்பாகை ஹெல்மெட் அளவுக்குக் காக்காது என்பது அவர்களுக்கும் தெரியும், அரசாங்கத்துக்கும் தெரியும். ஒருவர் உயிரோடு சேர்த்து வைத்திருக்கும் நம்பிக்கை என்றால் அங்கே அரசு ஒதுங்கி நிற்கிறது. அதை நான் மதிக்கிறேன். அண்ணே, உங்களிடம் இருப்பது அப்படி ஒரு காரணமா? உங்கள் கடிதத்தில் இருப்பது வெக்கையும் அரிப்பும். அவற்றுக்கு வழி உண்டு, கீழே சொல்கிறேன்.

சம்மன் வசூலிக்கத்தான் இந்தச் சட்டம் என்று நம் கடைத்தெருவில் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். அது வந்த வழி வேறு. 1935 மே மாதம் டி. ஈ. லாரன்ஸ் என்ற முன்னாள் பிரிட்டிஷ் படை அதிகாரி, அரேபியப் போரில் பேர் எடுத்தவர், மோட்டாரில் போகும்போது சைக்கிளில் வந்த பையன்களுக்காக விலகித் தூக்கி எறியப்பட்டார். ஆறு நாள் நினைவில்லாமல் கிடந்து இறந்தார். வயது 46. அவரைப் பார்த்த மருத்துவர்களில் ஹியூ கேர்ன்ஸ் என்ற மூளை அறுவை நிபுணரும் ஒருவர். அந்தக் கேர்ன்ஸ் பிறகு ராணுவத்தில் தபால் கொண்டுபோகும் மோட்டார்க்காரர்களின் தலைக்காயங்களை ஆராய்ந்து 1941-இல் கட்டுரை எழுதினார். ராணுவம் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. பொதுமக்களுக்கு முதலில் சட்டம் போட்டது ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம், 1961-இல். படுக்கைப் பக்கத்தில் நின்ற ஒரு மருத்துவரிடமிருந்துதான் இது தொடங்கியது.

உங்கள் வாதத்தை நீதிமன்றத்தில் வைத்தவரும் உண்டு. 1972-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு மோட்டார்க்காரர், ஹெல்மெட் போடாததால் எனக்கு மட்டும்தானே ஆபத்து, அரசுக்கு என்ன என்று வழக்குப் போட்டார். விழுந்த நிமிடத்திலிருந்து சாலையிலிருந்து உங்களைத் தூக்குவதும் ஆஸ்பத்திரியில் சேர்ப்பதும் வேலை போனால் உதவித் தொகை கொடுப்பதும் சமூகம்தானே என்று கேட்டது நீதிமன்றம். அந்த வழக்கு தோற்றது. பிற்பாடு சில மாநிலங்கள் சட்டத்தைத் தளர்த்தின. ஃபுளோரிடாவில் 2000-ஆம் ஆண்டு, 21 வயதைத் தாண்டியவர் 10,000 டாலர் மருத்துவக் காப்புறுதி வைத்திருந்தால் ஹெல்மெட் இல்லாமல் ஓட்டலாம் என்று மாற்றினார்கள். அதற்குப் பின் வந்த வருடங்களில் அங்கே மோட்டார்ச் சாவுகள் ஏறின.

ஆனால் இந்தச் செலவுக் கணக்கை உங்கள் முன்னால் நீட்ட எனக்கு விருப்பமில்லை. பாலும் குலையும் கொடுத்து இந்த நாட்டைத் தூக்கி நிறுத்தியவர்களில் நீங்களும் ஒருவர். அரசாங்க ஆஸ்பத்திரிப் படுக்கை உங்களுக்கு யாரும் போடுகிற பிச்சை இல்லை. ஹெல்மெட் போட்டு விழுந்தாலும் போடாமல் விழுந்தாலும் நாங்கள் உங்களை ஒரே மாதிரிதான் பார்ப்போம். நான் கவலைப்படுவது வார்டுச் செலவை நினைத்து இல்லை. வார்டிலிருந்து வீட்டுக்குப் போன பிறகு உங்களைக் குளிப்பாட்டப்போகிற ஆளை நினைத்துத்தான். அது யார் என்று உங்களுக்கே தெரியும், சாவியை ஒளித்து வைத்திருக்கிறவள்.

இனி வெக்கை, அரிப்பு. இவற்றைச் சாக்கு என்று சொல்லித் தள்ள மாட்டேன். பேராக் வெயிலில் முழுமுகம் மூடிய கறுப்பு ஹெல்மெட் மாட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் 20 கிலோமீட்டர் வேகத்தில் போவது கஷ்டம்தான். நாலு கிலோமீட்டர் போகிற உங்களுக்குத் திறந்த முகம், கண்ணாடி மறைப்பு, காது வரை இறங்குகிற வகை போதும். வெள்ளையோ வெளிர் நிறமோ வாங்குங்கள். தாடையைக் காப்பதில் முழுமுகத்துக்கு அது ஈடாகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் நீங்கள் தினமும் மாட்டப்போகிற திறந்த ஹெல்மெட், சுவரில் தொங்கப்போகிற முழுமுக ஹெல்மெட்டைவிட எவ்வளவோ மேல். திறந்த வகையில் ஹாரன் சத்தம் நன்றாகவே கேட்கும். லோரியைக் காதால் மட்டும் பார்க்காதீர்கள், உங்கள் மோட்டாரில் ரெண்டு பக்கமும் கண்ணாடி இருக்கிறதா? நம் பக்கத்தில் பாதி மோட்டாரில் ஒன்று உடைந்தே இருக்கும்.

அரிப்புக்குப் பெரும்பாலும் காரணம் பழைய வியர்வை. உள் துணி கழற்றுகிற மாதிரி இருப்பதை வாங்கி வாரம் ஒருமுறை ஷாம்பு போட்டு அலசுங்கள். உள்ளே மெல்லிய பருத்தித் துணி ஒரு சுற்று கட்டலாம். வேலையில் தலையில் கட்டுகிற தடித்த துண்டோடு மாட்டாதீர்கள், ஹெல்மெட் தலையில் உட்காராது. மோட்டாரை வெயிலில் விட்டால் ஹெல்மெட்டைக் கையோடு நிழலுக்குக் கொண்டுபோங்கள். வெயில் நுரையையும் கெடுக்கும், அடுத்து மாட்டும்போது அடுப்பு மாதிரியும் இருக்கும்.

இன்னொன்று. குலை வெட்டும் இடத்தில் கொடுக்கிற பாதுகாப்புத் தொப்பியை அப்படியே மாட்டிக்கொண்டு மோட்டார் ஓட்டுகிறவர்களை நம் டவுனில் தினமும் பார்க்கிறேன். உங்கள் ஆட்களிலும் இருப்பார்கள். அந்தத் தொப்பி மேலிருந்து விழுகிற மட்டைக்கும் பழத்துக்கும் செய்தது. பக்கவாட்டு அடியைத் தாங்காது, நசுங்குகிற நுரையும் உள்ளே இல்லை. மேய்க்கிற ஆள் நீங்கள், நீங்கள் சொன்னால் கேட்பார்கள்.

கடையில் சிரிம் (SIRIM, மலேசியத் தரச் சான்று) ஸ்டிக்கர் ஒட்டியதைக் கேளுங்கள். 100 வெள்ளிக்குள்ளேயே கிடைக்கும், ஹெல்மெட் இல்லாமல் போலீஸிடம் பிடிபட்டால் 300 வெள்ளி வரை போகிற சம்மனைவிடக் குறைவு. புருவத்துக்குச் சற்று மேலே நாடாவைச் சுற்றி அளந்து வாங்குங்கள். மாட்டி, தாடை வாரைப் பூட்டி, பின்னாலிருந்து முன்பக்கமாக உருட்டித் தள்ளிப் பார்க்கச் சொல்லுங்கள். கழன்று வந்தால் அது உங்கள் அளவு இல்லை. வாருக்கும் தாடைக்கும் நடுவில் ரெண்டு விரல் நுழையலாம், அதற்கு மேல் வேண்டாம். பூட்டாத ஹெல்மெட் தலையில் இருக்கிற அலங்காரம், அவ்வளவே. பல கேஸில் ஆள் ஒரு பக்கம், ஹெல்மெட் ஒரு பக்கம் கிடந்ததாகத்தான் எழுதி வரும். கழுத்து உடையும் என்ற பயம் இருந்தால் அதற்கு ஆய்வுகளில் ஆதாரம் கிடைக்கவில்லை.

கோயிலுக்குப் போகும்போது என்று எழுதியிருந்தீர்கள். அண்ணியைப் பின்னால் வைத்துத்தானே போகிறீர்கள்? வெள்ளிக்கிழமை மல்லிகை வைத்த தலையில் ஹெல்மெட் மாட்டினால் பூ நசுங்கும் என்று நம் பெண்கள் விட்டுவிடுகிறார்கள், நானும் விட்டிருக்கிறேன். பூவைப் பையில் வைத்து, கோயில் வாசலில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கடைசியாக மகள். அவள் செய்தது சரியா என்று கேட்டால், பயம் சரி, செய்த விதம் சரியில்லை. புத்தி தெளிவாக இருக்கிற பெரியவரின் சாவியை ஒளிக்கக் கூடாது. இதைப் படித்தால், பாப்பா, அப்பாவிடம் சாவியை அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். ஒளித்தால் சண்டை சாவியைப் பற்றியதாகிவிடும், ஹெல்மெட்டைப் பற்றிப் பேசவே முடியாமல் போகும். பிள்ளை விஷயத்தில் மட்டும் நீங்கள் அம்மா. ஹெல்மெட் இல்லாமல் மோட்டாரில் ஏற்றக் கூடாது என்று சொல்கிற முழு உரிமை உங்களுக்கு உண்டு, தாத்தாவாக இருந்தாலும் சரி.

அண்ணே, அவள் சாவி கொடுக்கும்போது நீங்களும் பதிலுக்கு ஒன்று சொல்லலாம் என்று நினைக்கிறேன். ‘நீ சொன்னதுக்காக இல்ல, நானே யோசிச்சுப் போடுறேன்’ என்று சொல்லுங்கள். அது பொய்யாக இருக்கக் கூடாது, யோசித்த பிறகுதான் சொல்ல வேண்டும். இந்தச் சனிக்கிழமை பேரனையும் கூட்டிக்கொண்டு மூன்று பேரும் டவுன் கடைக்குப் போங்கள். நிறத்தை அவனே எடுக்கட்டும், அளவை மட்டும் நீங்கள் பாருங்கள். வீட்டில் ஏற்கெனவே கிடக்கிற பழைய ஹெல்மெட் அஞ்சு வருடத்துக்கு மேலானது என்றால், குப்பையில் போடுவதற்கு முன் அதன் வாரைக் கத்தியால் அறுத்துவிடுங்கள், வேறு யாராவது எடுத்து மாட்டிவிடப் போகிறார்கள்.